விதையிலிருந்து நாற்று வரை: வீட்டில் பூ, மூலிகை, காய்கறி விதைகளை முளைக்க வைக்கும் முறை

ஒவ்வொரு விதைக்குள்ளும் ஒரு கருச்செடியும், அது மண்ணுக்கு மேலே வந்து தன் இலைகளால் உணவு தயாரிக்கத் தொடங்கும் வரை போதுமான உணவுச் சேமிப்பும், இரண்டையும் மூடிக் காக்கும் உறையும் இருக்கின்றன. ஆகவே விதைப்பவர் விதைக்கு உணவு ஊட்ட வேண்டியதில்லை. நீர், காற்று, ஏற்ற வெப்பம் ஆகிய மூன்றும், சில இனங்களுக்கு மட்டும் வெளிச்சமோ இருளோ, சரியான அளவில் கிடைக்கச் செய்தால் போதும். புதிதாகத் தொடங்குபவர்களின் விதைகள் உரம் இல்லாததால் வீணாவது மிக அரிது. ஈரம் மிகுந்து காற்று புகாமல் அழுகுவதாலும், முளைக்கும் முன் தந்த அதே கவனிப்பை முளைத்த பிறகும் மாற்றாமல் தொடர்வதாலுமே பெரும்பாலானவை வீணாகின்றன. மூடி வைப்பதும், கதகதப்பும், விடாத ஈரமும் முளைக்காத விதைக்கு நல்லவை. முளைத்த அன்றே அவை நாற்றுக்குத் தீங்காக மாறத் தொடங்குகின்றன. இந்த மாற்றத்தை உரிய நேரத்தில் செய்யத் தெரிந்துகொண்டால் மற்றவை எல்லாம் எளிதாகிவிடும்.

எதை விதைப்பது, எங்கே விதைப்பது

முதல் முறை விதைப்பவர்கள் மூன்று அல்லது நான்கு வகைகளோடு நிறுத்திக்கொள்வது நல்லது. தக்காளி, வெள்ளரி, முள்ளங்கி, வெண்டை, திருநீற்றுப்பச்சை, செண்டுமல்லி, ஜினியா, சூரியகாந்தி ஆகியவை விரைவாகவும் ஏறக்குறைய ஒரே நேரத்திலும் முளைப்பவை; சிறு தவறுகளைத் தாங்கிக்கொள்ளக்கூடியவை. லாவெண்டர், ரோஸ்மேரி, செலரி, பெட்டூனியா போன்றவை மெதுவாக முளைப்பவை அல்லது தூசு போன்ற நுண்ணிய விதை கொண்டவை என்பதால் அவற்றை அனுபவம் வந்த பிறகு முயலலாம். புதினாவை விதையிலிருந்து வளர்க்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். விதையில் வரும் புதினாச் செடிகள் மணத்திலும் சுவையிலும் ஒன்றுக்கொன்று மாறுபடும்; நல்ல செடியிலிருந்து ஒரு தண்டை ஒடித்து நட்டால் தாய்ச்செடியின் குணம் அப்படியே கிடைக்கும்.

அடுத்து, எந்த விதையைத் தட்டில் முளைக்க வைத்து நாற்றாக எடுத்து நடுவது, எந்த விதையை அது கடைசி வரை வளரப்போகும் இடத்திலேயே ஊன்றுவது என்று பிரித்துக்கொள்ள வேண்டும். தக்காளி, மிளகாய், கத்தரி, முட்டைக்கோசு, பூக்கோசு, வெங்காயம், செண்டுமல்லி போன்றவை வேர் கலைவதை எளிதாகத் தாங்குகின்றன. கேரட், முள்ளங்கி ஆகியவற்றின் ஆணிவேர்தான் பின்னாளில் கிழங்காகப் பருக்கிறது. அதன் நுனி இளமையிலேயே ஒடிந்தால் கிழங்கு பிளவுபட்டும் கோணலாகவும் வரும். ஆகவே அவற்றை நேரடியாகவே விதைக்க வேண்டும். கொத்தமல்லி, வெண்டை, அவரை, பட்டாணி, சூரியகாந்தி ஆகியவையும் நேரடி விதைப்பையே விரும்புகின்றன. வெள்ளரி, பூசணி, பாகல், பீர்க்கு போன்ற கொடிகள் இரண்டுக்கும் நடுவில் நிற்பவை. அவற்றைத் தனித்தனிக் குவளைகளில் ஊன்றி, வேர்க்கட்டி உடையாமல் இளம் பருவத்திலேயே எடுத்து நட்டால் தயங்காமல் வளர்கின்றன.

விதையின் வயதும் உயிரும்

உறையில் அச்சிட்டுள்ள தேதியைப் பார்த்து வாங்குங்கள். வெங்காயம், வெங்காய இனத்தைச் சேர்ந்த லீக், கேரட் போன்ற வேர்க்காய்கறியான பார்ஸ்னிப் ஆகியவற்றின் விதைகள் ஓரிரு ஆண்டுகளிலேயே முளைப்புத்திறனைப் பெரிதும் இழக்கின்றன. மிளகாய் விதை இரண்டு மூன்று ஆண்டுகளும், தக்காளி, முட்டைக்கோசு விதைகள் நான்கு ஆண்டுகள் வரையிலும், வெள்ளரி விதை ஐந்து ஆண்டுகள் வரையிலும் நன்றாகச் சேமித்தால் பயன்படும். காட்டுச் செடிகளின் விதைகள் இதற்கு முற்றிலும் வேறானவை. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வில்லியம் ஜேம்ஸ் பீல் என்ற தாவரவியலாளர் 1879இல் களைச்செடி விதைகளை இருபது குப்பிகளில் இட்டு மண்ணில் புதைத்தார்; 2021இல் தோண்டி எடுத்த குப்பியிலிருந்தும் வெர்பாஸ்கம் என்ற இனத்தின் விதைகள் முளைத்தன. நாம் பயிரிடும் காய்கறிகளோ, விதைத்தவுடன் ஒருசேர முளைப்பவையாகப் பல தலைமுறைகளாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு வந்தவை. அந்த நீண்ட உறக்கத்தையும் பொறுமையையும் அவற்றிடம் எதிர்பார்க்க முடியாது.

பழைய விதையின் தரத்தில் ஐயம் இருந்தால் விதைப்பதற்கு முன்பே சோதித்துவிடலாம். ஈரமாக்கிப் பிழிந்த காகிதத் துவாலையில் பத்து விதைகளைப் பரப்பி, சுருட்டி, திறந்து மூடக்கூடிய பிளாஸ்டிக் பையில் இட்டுக் கதகதப்பான இடத்தில் வையுங்கள். அந்த இனம் முளைக்க வேண்டிய காலம் முடிந்ததும் எண்ணிப் பாருங்கள். எட்டு முளைத்தால் வழக்கம்போல விதைக்கலாம். ஐந்து முளைத்தால் இரு மடங்கு விதை போட வேண்டும். மூன்றுக்கும் கீழே போனால் புதிய விதை வாங்குவதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

உறையில் எஃப்1 என்றோ வீரிய ஒட்டு ரகம் என்றோ இருந்தால், அந்தச் செடியின் காயிலிருந்து எடுக்கும் விதை தாயைப் போன்ற செடியைத் தராது. அடுத்த பருவத்துக்கு நீங்களே விதை எடுக்க விரும்பினால் நாட்டு ரகங்களையோ, தன்னியல்பான மகரந்தச் சேர்க்கையில் குணம் மாறாத ரகங்களையோ தேர்ந்தெடுங்கள். இளஞ்சிவப்பு, பச்சை, நீலம் போன்ற செயற்கை நிறம் ஏறிய விதைகளில் பூஞ்சைக்கொல்லி பூசப்பட்டிருக்கக்கூடும். அவற்றை வெறுங்கையால் நெடுநேரம் தொடாமலும், குழந்தைகளுக்கு எட்டாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கலனும் கலவையும்

ஐந்து முதல் ஏழு செ.மீ. ஆழமும் அடியில் துளையும் உள்ள எந்தக் கலனும் போதும். தயிர்க் குவளையோ, வெட்டிய பால் பெட்டியோ, குழித்தட்டோ எதுவாக இருந்தாலும் விதைக்கு வேறுபாடு இல்லை. துளை இல்லாத கலன் மட்டும் கூடாது. குழித்தட்டு வாங்குவதாக இருந்தால் குழிகள் குறைவாகவும் பெரியதாகவும் உள்ளதை எடுங்கள். குழிகளின் எண்ணிக்கை கூடக் கூட ஒவ்வொன்றிலும் அடங்கும் கலவை குறைந்து, காலையில் நனைத்தது மாலைக்குள் காய்ந்துவிடும். காகித முட்டை அட்டைகள் பலராலும் பரிந்துரைக்கப்பட்டாலும் அவற்றை நான் ஏற்பதில்லை. அவை ஆழமற்றவை, ஈரத்தைத் தாமே உறிஞ்சிக்கொண்டு கலவையை வேகமாக உலர வைக்கின்றன.

முன்பு பயன்படுத்திய கலன்களை முதலில் சோப்பு நீரில் மண் போகக் கழுவி, பின்னர் ஒரு பங்கு வீட்டு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு நீர் என்ற கரைசலில் பத்து நிமிடம் ஊற வைத்து, நன்றாக அலசிக் காய வையுங்கள். இதைத் தவிர்க்க வேண்டாம். நாற்றுகளைக் கொல்லும் பூஞ்சைகள் பழைய மண் துகள்களில்தான் காத்திருக்கின்றன.

தோட்டத்து மண்ணைத் தட்டில் நிரப்புவது புதியவர்கள் செய்யும் பொதுவான காரியம். நிலத்தில் நல்ல மண்ணாக இருப்பதும் சிறு குழிக்குள் நீர் ஊற்ற ஊற்ற இறுகி, காற்று செல்லும் இடைவெளிகளை அடைத்துவிடும். களை விதைகளும் நோய்க் கிருமிகளும் அதோடு வந்துசேரும். அதற்குப் பதிலாக, ஊறி உதிர்ந்த தென்னை நார்த்தூள் இரண்டு பங்கு, பெர்லைட்டோ (சூட்டில் பொரித்த லேசான எரிமலைப் பாறைத் துகள்) கழுவிய பருமணலோ ஒரு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு அல்லது அதற்கும் குறைவாகக் கலந்துகொள்ளலாம். தென்னை நார்த்தூளில் உப்பு இருக்கக்கூடும் என்பதால் அதை ஒருமுறைக்கு இருமுறை நல்ல நீரில் ஊற வைத்து வடித்த பின்னரே சேருங்கள். மண்புழு உரத்தைக் கூட்டினால் நாற்று செழிக்கும் என்று எண்ண வேண்டாம். முளைக்கும் விதைக்கு உப்புச் செறிவு குறைந்த, லேசான கலவைதான் உகந்தது.

கலவையைக் கலனில் நிரப்பும் முன்பே ஈரப்படுத்துவது முக்கியம். உலர்ந்த நார்த்தூள் மேலிருந்து ஊற்றும் நீரை எளிதில் ஏற்காது. நீர் ஓரமாக வழிந்து அடியில் போய்விட, நடுப்பகுதி காய்ந்தே இருக்கும். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரல் இடுக்கில் ஓரிரு துளிகள் மட்டும் கசிய வேண்டும். ஒழுகினால் ஈரம் அதிகம்; கையைத் திறந்ததும் பொலபொலவென்று உதிர்ந்தால் குறைவு.

எப்போது தொடங்குவது

நாற்றை வெளியே நட வேண்டிய நாளை முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். உறைபனி விழும் பகுதிகளில் கடைசி உறைபனி கடந்த பிறகு அந்த நாள் அமையும். வெப்பப் பகுதிகளில் கடும் கோடையும் கனமழையும் இல்லாத காலம் அதை முடிவு செய்யும். வெங்காயத்துக்கும் பெட்டூனியாவுக்கும் எட்டு முதல் பத்து வாரம், மிளகாய்க்கும் கத்தரிக்கும் ஆறு முதல் எட்டு வாரம், தக்காளிக்கு ஐந்து அல்லது ஆறு வாரம், முட்டைக்கோசு, செண்டுமல்லி, திருநீற்றுப்பச்சை ஆகியவற்றுக்கு நான்கு முதல் ஆறு வாரம், லெட்டூஸ் கீரைக்கு மூன்று அல்லது நான்கு வாரம், வெள்ளரிக்கும் பூசணிக்கும் இரண்டு அல்லது மூன்று வாரம் என்று கணக்கிடலாம். ஆர்வத்தால் முன்கூட்டியே தொடங்குவதைவிடச் சற்றுத் தாமதமாகத் தொடங்குவது நல்லது. சிறு குழியில் வேர் சுற்றிச் சுற்றிச் சுருண்டு முதிர்ந்துபோன நாற்றைவிட, இளமையாக நடப்பட்ட நாற்று விரைவில் அதை முந்திவிடும்.

விதைப்பதற்கு முன் சில விதைகளுக்குச் செய்ய வேண்டியவை

பெரும்பாலான விதைகளை அப்படியே விதைக்கலாம். தடித்த உறை கொண்ட பாகல், வெண்டை, சங்குப்பூ ஆகியவற்றை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊற வைத்தால் முளைப்பு சீராகும். சங்குப்பூவைப் போல நீர் புகாத கடின உறை உடையவற்றை ஊறப்போடும் முன் உப்புத்தாளில் ஓர் இடத்தில் மட்டும், உள்ளிருக்கும் வெளிறிய பகுதி தெரியும் அளவுக்குத் தேய்க்க வேண்டும். ஒரு நாளுக்கு மேல் எந்த விதையையும் நீரில் விடக்கூடாது, ஏனெனில் விதையும் சுவாசிக்கிறது. காற்றில்லாமல் மூழ்கிக் கிடந்தால் இறந்துவிடும். திருநீற்றுப்பச்சை விதை நனைந்தவுடன் தன்னைச் சுற்றி வழவழப்பான கூழை உண்டாக்கிக்கொள்ளும் என்பதால் அதை ஊற வைத்தால் பிரித்து விதைப்பது இயலாது. களிமண் பூசி உருண்டையாக்கப்பட்ட விதைகளையும் ஊற வைக்கக்கூடாது.

கடையில் வாங்கும் முழுக் கொத்தமல்லி உண்மையில் இரண்டு விதைகளை உள்ளடக்கிய கனி. அதை உள்ளங்கையால் மெதுவாக அழுத்தி இரண்டாகப் பிளந்து விதைத்தால் நீர் விரைவாகப் புகும். ஒவ்வொரு பாதியும் தனிச் செடியாகும். லாவெண்டர், டெல்ஃபினியம் போன்ற குளிர்நில இனங்கள் ஒரு குளிர்காலத்தைக் கடந்த பிறகே விழித்துக்கொள்ளும் இயல்புடையவை. ஈரக் காகிதத்தில் பொதிந்து மூன்று முதல் ஆறு வாரம் குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்தால் அந்த உறக்கம் கலையும். உறைபெட்டியில் வைப்பது பயன் தராது, ஈரம் ஏறிய விதை அங்கே உறைந்து கெடும்.

விதைத்தல்

விதையின் தடிமனைப் போல இரண்டு அல்லது மூன்று மடங்கு ஆழத்தில் ஊன்ற வேண்டும் என்பது பெரும்பாலான இனங்களுக்குப் பொருந்தும் விதி. தக்காளி, மிளகாய், கத்தரி ஆகியவற்றுக்கு அரை முதல் ஒரு செ.மீ., வெள்ளரிக்கும் வெண்டைக்கும் ஏறத்தாழ இரண்டு செ.மீ., அவரைக்கு மூன்று செ.மீ. போதும். இதைவிட ஆழமாக ஊன்றினால் சிறு விதையின் உணவுச் சேமிப்பு வெளிச்சத்தை எட்டும் முன்பே தீர்ந்துவிடும்.

வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் விதைகளும், வெளிச்சம் பட்டால் முளைக்கத் தயங்கும் விதைகளும் உண்டு. லெட்டூஸ், பெட்டூனியா, பிகோனியா, ஸ்னாப்டிராகன் ஆகியவற்றின் விதைகளை மேற்பரப்பில் தூவி, விரலாலோ தட்டையான பலகையாலோ அழுத்தி, கலவையோடு ஒட்டச் செய்தால் போதும். மேலே மண் போட வேண்டாம். நித்தியகல்யாணி விதைக்கு முழு இருள் தேவை. ஆகவே மூடி விதைத்து, தட்டின் மீது தடித்த தாளையும் போர்த்துங்கள். கீரை, பெட்டூனியா போன்ற நுண்ணிய விதைகளைக் கையால் தூவினால் ஓரிடத்தில் குவிந்துவிடும் என்பதால் அவற்றைப் பத்து மடங்கு உலர்ந்த மெல்லிய மணலோடு கலந்து தூவ வேண்டும்.

குழிக்கு இரண்டு விதை இடலாம். விதைத்த பிறகு கலவையை லேசாக அழுத்துவதை மறக்க வேண்டாம். விதைக்கும் மண்ணுக்கும் இடையே வெற்றிடம் இருந்தால் விதை ஈரத்தை இழுத்துக்கொள்ள முடியாது. அதன்பின் மெல்லிய துளியாகத் தெளிக்கும் தெளிப்பானால் மேற்பரப்பை நனைத்து, செடியின் பெயர், ரகம், விதைத்த தேதி மூன்றையும் எழுதிய குச்சியை உடனே செருகுங்கள். தக்காளி ரகங்கள் இரண்டையோ, கோசு வகைகள் இரண்டையோ நாற்றுப் பருவத்தில் எவராலும் பிரித்தறிய முடியாது. பேனா மை வெயிலிலும் நீரிலும் மங்கிவிடும்; பென்சில் எழுத்து நிற்கும்.

முளைக்கும் வரை

தட்டை ஒளி ஊடுருவும் மூடியாலோ பிளாஸ்டிக் தாளாலோ மூடி வைத்தால் ஈரம் நிலைக்கும். தினமும் நீர் தெளிக்கும் தேவை இராது. ஆனால் மூடிய தட்டை நேரடி வெயிலில் வைக்கக்கூடாது, உள்ளே வெப்பம் ஏறி விதைகள் வெந்துவிடும்.

எவ்வளவு விரைவாக முளைக்கும் என்பதை முடிவு செய்வது கலவையின் வெப்பம். அறையின் வெப்பம் அன்று. ஈரக் கலவை அறையைவிடச் சில டிகிரி குளிர்ச்சியாகவே இருக்கும் என்பதால் வெப்பமானியைக் கலவைக்குள் செருகிப் பார்ப்பது சரியான முறை. தக்காளி விதை 25 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 6 நாட்களில் வெளிவரும். 15 டிகிரியில் இரண்டு வாரம் எடுக்கும். 10 டிகிரியில் 40 நாட்களுக்கும் மேலாகும். லெட்டூஸ் இதற்கு நேர்மாறு. 20 டிகிரியில் மூன்றே நாட்களில் முளைக்கும் அது, 35 டிகிரியில் முளைப்பதையே நிறுத்திவிடும். மிளகாய், கத்தரி, வெண்டை, பாகல் ஆகியவை 25 முதல் 30 டிகிரி வரை விரும்புகின்றன. குளிர்ந்த வீடுகளில் தட்டின் அடியில் வைக்கும் வெப்பப் பாய் உண்மையாகவே பயன் தரும் பொருள். வெப்பமான வீடுகளில் லெட்டூஸ் போன்றவற்றை வீட்டின் குளிர்ந்த மூலையில் வைப்பதே தீர்வு.

பொறுமையின் அளவும் இனத்துக்கு இனம் மாறும். முள்ளங்கியும் ஜினியாவும் மூன்று முதல் ஏழு நாட்களிலும், திருநீற்றுப்பச்சை ஐந்து முதல் பத்து நாட்களிலும், கொத்தமல்லி ஒன்று முதல் இரண்டு வாரங்களிலும், மிளகாய் எட்டு முதல் இருபது நாட்களிலும், பார்ஸ்லி இரண்டு முதல் நான்கு வாரங்களிலும் தலைகாட்டும். பார்ஸ்லி முளைக்கவில்லை என்று பத்தாம் நாளே தட்டைக் கொட்டிவிடுவது வருந்தத்தக்கது. அதே வேளையில், ஆவலால் கலவையைக் கிளறி விதையைத் தேடவும் வேண்டாம். அப்போதுதான் வெளிவந்த வேர் நுனி விரல் பட்டாலே ஒடிந்துவிடும்.

முளை தெரிந்த அன்று

தட்டில் உள்ள விதைகளில் பாதி தலைநீட்டியதும் மூடியை எடுத்துவிடுங்கள். வெப்பப் பாயையும் நிறுத்துங்கள். மீதிப் பாதியும் முளைக்கட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தால், முதலில் வந்தவை வெளிச்சம் போதாமல் மெலிந்து நீண்டுவிடும். அப்படி வெளிறி நீண்ட தண்டு பிறகு எவ்வளவு வெளிச்சம் தந்தாலும் குறுகாது, தடிக்கவும் சிரமப்படும். ஆகவே இந்த ஒரு நாளைத் தவறவிடக்கூடாது என்பதை மற்ற எல்லாவற்றையும்விட அழுத்தமாகச் சொல்கிறேன்.

வெளிச்சம் என்பது நாம் எண்ணுவதைவிட மிகுதியாகத் தேவைப்படுகிறது. நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அறையின் நடுப்பகுதிகூட நாற்றுக்கு இருட்டுதான். காலை வெயில் நேரடியாக விழும் சன்னல் ஓரமோ, மென்மையான வெயில் படும் திறந்த முற்றமோ ஏற்றவை. சன்னலில் வைத்தால் நாற்றுகள் ஒளிவரும் பக்கம் சாயும் என்பதால் தட்டைத் தினமும் திருப்பி வைக்க வேண்டும். விளக்கின் கீழ் வளர்ப்பவர்கள் நாள்தோறும் 14 முதல் 16 மணி நேரம் எரியவிட்டு, மீதி நேரம் இருளில் விட வேண்டும். குழல் விளக்கு என்றால் இலை நுனிக்கு மேலே ஐந்து முதல் பத்து செ.மீ. உயரத்திலும், எல்.இ.டி. விளக்கு என்றால் அதன் வலிமைக்கு ஏற்ப இன்னும் உயரத்திலும் தொங்கவிட்டு, செடி வளர வளர விளக்கை உயர்த்த வேண்டும். இலையின் உயரத்தில் புறங்கையை வைத்தால் சூடு உறைக்கக் கூடாது.

சில நாற்றுகள் விதையுறையைத் தொப்பிபோல் தலையில் மாட்டிக்கொண்டே வெளிவரும். அதைப் பிடுங்கினால், முதலில் விரியும் இலைகளான வித்திலைகளும் சேர்ந்து கிழிந்துவிடும். ஒரு துளி நீரை அதன் மேல் வைத்துச் சில மணி நேரம் விட்டால் உறை இளகித் தானே கழன்று விழும்.

நீரும் நாற்றழுகலும்

நேற்று வரை நிமிர்ந்து நின்ற நாற்றுகள் இன்று காலை மண்மட்டத்தில் நூல்போல் இளைத்துச் சாய்ந்து கிடந்தால் அது நாற்றழுகல் நோய். பித்தியம், ரைசோக்டோனியா, ஃபுசேரியம் ஆகிய இனங்களைச் சேர்ந்த நுண்ணுயிரிகள் இதை உண்டாக்குகின்றன. வந்த பிறகு சாய்ந்த நாற்றைக் காப்பாற்ற வழியில்லை. பாதிக்கப்பட்ட குழியைச் சுற்றியுள்ள கலவையோடு அப்புறப்படுத்தி, மற்றவற்றைக் காற்றோட்டத்தில் வைப்பது ஒன்றே செய்யக்கூடியது. இலவங்கப்பட்டைத் தூள் தூவுவது போன்ற வைத்தியங்களை நம்பி ஈரத்தைக் குறைக்காமல் இருந்துவிடக் கூடாது.

தடுப்பது எளிது. எப்போதும் நனைந்தே இருக்கும் மேற்பரப்பு, அசையாத காற்று, நெருக்கமான விதைப்பு ஆகிய மூன்றும் சேரும்போதுதான் இந்நோய் பரவுகிறது. ஆகவே முளைத்த பிறகு மேலிருந்து தெளிப்பதை நிறுத்திவிட்டு, தட்டை இரண்டு செ.மீ. நீர் உள்ள அகன்ற பாத்திரத்தில் வைத்துக் கீழிருந்து உறிஞ்சவிடுங்கள். மேற்பரப்பு கருத்து ஈரம் தெரிந்ததும், ஏறத்தாழ இருபது முப்பது நிமிடத்தில், தட்டை எடுத்து வடியவிட்டு, பாத்திரத்தில் மிஞ்சிய நீரைக் கொட்டிவிடுங்கள். அடுத்த முறை எப்போது என்பதை நாள்கணக்கால் முடிவு செய்யாமல், மேற்பரப்பு நிறம் வெளிறியதையும் தட்டைத் தூக்கினால் எடை குறைந்திருப்பதையும் வைத்து முடிவு செய்ய வேண்டும். ஓரிரு முறை நனைந்த தட்டையும் காய்ந்த தட்டையும் தூக்கிப் பார்த்தால் கைக்கே அந்த வேறுபாடு பழகிவிடும். நீர் அறையின் வெப்பநிலையில் இருக்கட்டும்.

சிறிய மின்விசிறி ஒன்றை மெதுவான வேகத்தில் தினமும் சில மணி நேரம் ஓடவிட்டால் இரண்டு நன்மைகள் கிடைக்கும். மேற்பரப்பு உலர்வதால் பூஞ்சையும் ஈரமண்ணில் முட்டையிடும் பூஞ்சைக் கொசுவும் குறையும். மேலும், அசைவுக்கு உள்ளாகும் தண்டு நீள்வதைக் குறைத்துத் தடிக்கும். விசிறி இல்லாதவர்கள் நாற்றுகளின் தலையை உள்ளங்கையால் நாளுக்குச் சில முறை மெதுவாக வருடிவிட்டாலும் இதே பயன் கிடைக்கிறது.

கலைத்தல், மாற்றி நடுதல், உரம்

முதலில் விரியும் இரண்டும் வித்திலைகள். அவை பெரும்பாலும் எல்லாச் செடிகளிலும் ஒன்றுபோல இருக்கும். அவற்றுக்குப் பிறகு வருபவையே அந்த இனத்துக்குரிய வடிவமுள்ள உண்மையான இலைகள். இவற்றில் முதல் ஜோடி விரிந்ததும் குழிக்கு ஒரு நாற்றை மட்டும் விட்டு மற்றதை நீக்க வேண்டும். முளைத்த உயிரை நீக்க மனம் வராமல் பலர் இரண்டையும் விட்டுவிடுகிறார்கள், அது இரண்டுக்குமே செய்யும் தீங்கு. நீக்க வேண்டியதைப் பிடுங்காமல் சிறு கத்தரிக்கோலால் மண்மட்டத்தில் வெட்டினால் நிற்கும் நாற்றின் வேர் கலையாது.

ஒரே தட்டில் தூவி முளைத்தவற்றைத் தனிக் குவளைகளுக்கு மாற்றவும் இதுவே தருணம். குச்சியால் அடியிலிருந்து நெம்பி, நாற்றை இலையில் பிடித்துத் தூக்குங்கள், தண்டைப் பிடிக்காதீர்கள். ஓர் இலை கிழிந்தால் வேறு இலை வரும். தண்டு நசுங்கினால் நாற்றே போய்விடும். தக்காளியை மாற்றும்போது வித்திலைகளுக்குக் கீழ்வரை ஆழமாகப் புதைக்கலாம். அதன் தண்டு மண்பட்ட இடமெல்லாம் வேர் விடும் இயல்புடையது. சற்று நீண்டுவிட்ட தக்காளி நாற்றுகளையும் இப்படிக் காப்பாற்றிவிடலாம். மற்ற பெரும்பாலான நாற்றுகளை முன்பு இருந்த அதே ஆழத்தில் நடுவதே பாதுகாப்பானது.

உரம் தேவைப்படுவது இந்தக் கட்டத்தில்தான். உண்மையான இலைகள் இரண்டு ஜோடி வந்ததும், திரவ உரத்தை அதன் உறையில் சொல்லப்பட்ட அளவில் கால் பங்காக நீர்த்து வாரம் ஒருமுறை தரலாம். வித்திலைகள் மட்டும் மஞ்சளாகி உதிர்வது இயற்கை. உண்மையான இலைகள், அதிலும் கீழ் இலைகள், ஒருசேர வெளிறினால் தழைச்சத்து (நைட்ரஜன்) குறைவு என்று கொள்ளலாம். தக்காளி இலையின் அடிப்புறம் ஊதா நிறமானால் பெரும்பாலும் கலவை குளிர்ந்திருப்பதால் வேர் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) எடுக்க முடியாத நிலை. அங்கே தேவைப்படுவது உரம் அன்று, கதகதப்பு.

வெளிக்காற்றுக்குப் பழக்குதலும் நடவும்

வீட்டுக்குள் வளர்ந்த நாற்றின் இலைகள் நேரடி வெயிலையும் காற்றையும் அறியாதவை. அவற்றை நேரே வெயிலில் நட்டால் ஒரே பகலில் இலைகள் வெண்மையாக வெந்துவிடும். ஆகவே ஏழு முதல் பத்து நாட்கள் படிப்படியாகப் பழக்க வேண்டும். முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம் வைத்து உள்ளே எடுங்கள். அடுத்தடுத்த நாட்களில் நேரத்தைக் கூட்டி, மூன்றாம் நாளிலிருந்து காலை வெயிலை மட்டும் சிறிது சிறிதாகக் காட்டி, கடைசி இரண்டு மூன்று நாட்கள் பகல் முழுவதும் வெளியே விடுங்கள். இரவுக் குளிர் கடுமையாக இல்லாவிட்டால் இரவிலும் விடலாம். இந்நாட்களில் உரத்தை நிறுத்தி, நீரையும் வாடாத அளவுக்குக் குறைத்தால் இலைகள் தடித்து உறுதிப்படும்.

நடுவதற்கு மேகமூட்டமான நாளோ மாலை வேளையோ ஏற்றது. இரண்டு மணி நேரத்துக்கு முன் குழிகளை நன்றாக நனைத்தால் வேர்க்கட்டி உதிராமல் வெளிவரும். குழியின் அடியை விரலால் அழுத்தித் தள்ளி, வேர்க்கட்டியைத் தாங்கி எடுத்து, முன்பே தோண்டி நீர் ஊற்றி வைத்த குழியில் இறக்கி, சுற்றிலும் மண்ணை அணைத்து மீண்டும் நீர் விடுங்கள். முதல் மூன்று நான்கு நாட்கள் நடுப்பகலில் துணியாலோ ஓலையாலோ நிழல் தருவது நல்லது. அந்நாட்களில் நண்பகலில் இலைகள் சற்றுத் தொங்கி மாலையில் நிமிர்ந்தால் கவலை வேண்டாம். காலையிலும் தொங்கியிருந்தால் மட்டும் கூடுதலாக நீர் ஊற்றுங்கள். நுனியில் புதிய இலை விரியத் தொடங்கினால் வேர் ஊன்றிவிட்டது என்று பொருள். அதன்பின் தினமும் சிறிது சிறிதாக ஊற்றுவதை விட்டு, இடைவெளி கொடுத்து ஆழமாக நீர் பாய்ச்ச வேண்டும். அப்போதுதான் வேர் ஈரத்தைத் தேடிக் கீழே இறங்கும்.

மீந்த விதைகளை அன்றே பத்திரப்படுத்துங்கள். விதையின் ஈரம் ஒரு விழுக்காடு குறைந்தாலும், சேமிக்கும் இடத்தின் வெப்பம் 5 டிகிரி செல்சியஸ் குறைந்தாலும், அதன் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகும் என்பது விதையியலில் நெடுங்காலமாக ஏற்கப்பட்ட பொதுவிதி. ஆகவே உறையோடு சேர்த்து, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் காற்றுப் புகாத கண்ணாடிப் புட்டியில் இட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். அடுத்த முறை எடுக்கும்போது புட்டி அறையின் வெப்பத்துக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். குளிர்ந்த விதையின் மேல் காற்றின் ஈரம் படிந்தால் சேமித்ததன் பயன் போய்விடும்.